இரவல் வாள்

"படக்கதையைப் பற்றி ஒரு கட்டுரையா? விலைவாசி ஏறிக்கொண்டே போகிறது, படித்த பிள்ளைக்கு வேலை இல்லை, நாட்டிலே ஆயிரம் பிரச்சினை. நீங்கள் போய்ப் பிள்ளைகள் படிக்கும் பொம்மைப் புத்தகத்தைக் கையிலே எடுத்துக்கொண்டு உட்காரலாமா?" என்று வள்ளியூர்த் தோழர் ஒருவர் நம்மைக் கேட்டார்.

நியாயமான கேள்விதான். ஆனால் இதே கேள்வியைத்தான் நாடகத்தைப் பற்றி நாம் பேசியபோதும் கேட்டார்கள். சினிமாவைப் பற்றிப் பேசியபோதும் கேட்டார்கள். புராணத்தைத் தொட்டபோது, "கதைதானே, விட்டுத் தொலையுங்களேன்" என்றார்கள். கதைதான் தோழரே! சட்டப் புத்தகத்தைப் படித்துவிட்டா ஒரு பிள்ளை தன் தங்கையை மிரட்டக் கற்றுக்கொள்கிறான்? கேட்ட கதையிலிருந்தும், பார்த்த படத்திலிருந்தும் கற்றுக்கொள்கிறான். ஆண் என்றால் அடிப்பவன், பெண் என்றால் அலறுபவள் என்னும் பாடத்தை எந்தப் பள்ளிக்கூடத்திலும் எழுதிப் போடுவதில்லை. எழுதிப் போடாமலே அது மனத்திலே ஏறிவிடுகிறதே, அந்த வழியைத்தான் நாம் பார்க்க விரும்புகிறோம்.

திருநெல்வேலிச் சீமைக்குப் படக்கதை நேற்று வந்த பண்டமன்று. பக்கத்துச் சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸ் புறப்பட்டது. முதல் இதழிலேயே இரும்புக்கை மாயாவி! மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் காற்றிலே மிதந்துவரும். பெட்டிக்கடைக் கயிற்றிலே தொங்கிய அந்தப் புத்தகம் ஒரு கையிலிருந்து பத்துக் கைக்கு மாறி, அட்டை கிழிந்து, கடைசிப் பக்கம் காணாமற்போய், முடிவு தெரியாமலே படித்த பிள்ளைகள் எத்தனை பேர்! இன்று நரை கண்ட தோழர்கள் பலர் எழுத்துக் கூட்டிப் படித்துப் பழகியதே அதிலேதான். ஆகவே அந்தப் புத்தகங்களின் மீது நமக்குப் பகை ஒன்றும் இல்லை. நன்றிகூட உண்டு.

ஆனால் அந்தப் பக்கங்களிலே பெண்ணைத் தேடிப் பாருங்கள்.

ஜானி நீரோ என்று ஒரு துப்பறியும் வீரன் வந்தான். அவனுக்குத் துணை ஸ்டெல்லா. அவளுக்கு என்ன பதவி? காரியதரிசி! மந்திரவாதி மாண்ட்ரேக் வந்தான். அவனுக்காக ஒருத்தி காத்திருந்தாள். நர்தா, ஒரு நாட்டு இளவரசி. அமெரிக்கப் பத்திரிகையிலே அந்தக் கதை தொடங்கியது 1934-இல். இருவருக்கும் திருமணம் நடந்தது எப்போது? 1997-இல்! 63 ஆண்டுகள் அந்த அம்மை கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். முகமூடி போட்ட காட்டு வீரன் ஒருவன், ராணி காமிக்சிலே மாயாவி என்று பெயர் பெற்றவன், அவனுக்கு டயானா. நீச்சலிலே வல்லவள், ஐக்கிய நாடுகள் சபையிலே உத்தியோகம் பார்த்தவள். 1936-இல் தொடங்கிய காதல், 1977-இல் திருமணமாயிற்று. 41 ஆண்டுகள்! சுயமரியாதைத் திருமணம் நடத்திவைக்க நம் தோழர் ஒருவர் அந்தக் காட்டுப் பக்கம் போயிருந்தால் அரைமணி நேரத்திலே முடித்துக் கொடுத்திருப்பார்!

காத்திருப்பது, கடத்தப்படுவது, கட்டிப்போடப்படுவது, காப்பாற்றப்படுவது. இந்த நாலு வேலைக்கும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குத்தான் பெண் என்று பெயர்.

"அப்படிச் சொல்லலாமா? பெண்ணையே வீராங்கனையாக வைத்து, வானத்திலே பறக்கவிட்ட கதையும் உண்டே!" என்பீர்கள். உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். ஏனென்றால் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது.

1941-இல் அமெரிக்காவிலே வொண்டர் வுமன் பிறந்தாள். அதிசயப் பெண் என்று பொருள். படைத்தவர் வில்லியம் மார்ஸ்டன் என்னும் உளநூல் அறிஞர். இரத்த அழுத்தத்தைக் கொண்டு பொய்யைக் கண்டுபிடிக்க முடியும் என்று ஆராய்ந்தவர். ஆண்களே இல்லாத தீவிலிருந்து வந்தவள் அவர் படைத்த பெண். கையிலே காப்பு, துப்பாக்கிக் குண்டு வந்தால் காப்பாலே தட்டிவிடுவாள். இடுப்பிலே ஒரு கயிறு. அதிலே கட்டுண்டவன் உண்மையைத்தான் பேசவேண்டும். அந்தக் காப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? மார்ஸ்டனின் இல்லத்திலே வாழ்ந்த ஆலிவ் பைர்ன் என்னும் பெண்மணி அணிந்திருந்த காப்பு அது. அந்த ஆலிவ் யார்? மார்கரெட் சாங்கர் அம்மையாரின் தங்கை மகள். பிள்ளை பெறுவதும் பெறாமலிருப்பதும் பெண்ணின் உரிமை என்று முழங்கி, 1916-இல் நியூயார்க்கிலே கருத்தடை நிலையம் திறந்து, சிறை சென்ற சாங்கர்! ஆலிவின் தாய் ஈத்தலும் அதே போராட்டத்திலே சிறை புகுந்து உண்ணாநோன்பு கிடந்தவர். இங்கே தந்தை பெரியார், பெண்ணின் விடுதலைக்காகவே கருத்தடை வேண்டும் என்று எழுதி வசைமாரி வாங்கிய காலம் நினைவுக்கு வருகிறதா? அங்கே அந்த நெருப்பின் பொறி ஒன்று, படக்கதைக்குள்ளே பறந்து விழுந்திருக்கிறது.

பொறி என்ன ஆயிற்று?

மறு ஆண்டே, 1942-இல், வேறோர் ஆசிரியர் எழுதிய கதைகளிலே, வீரர்கள் கூடிய ஒரு சங்கத்திலே அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். நீதிச் சங்கம் என்பது அதன் பெயர். டாங்கியைத் தூக்கி எறியும் வல்லமை படைத்தவளுக்கு அந்தச் சங்கம் தந்த பதவி என்ன? காரியதரிசி! ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள்; அவள் உட்கார்ந்து கூட்டக் குறிப்பு எழுதினாள். நம் சென்னை மாகாணத்து நீதிக்கட்சி ஆட்சி 1921-இலேயே பெண்ணுக்கு வாக்குரிமை தந்தது. அவர்களுடைய நீதிச் சங்கம் 1942-இலே குறிப்பேடு தந்தது! ஸ்டெல்லாவின் வேலைக்கு முன்னோடி யார் என்று இப்போது விளங்குகிறதல்லவா?

1947-இல் மார்ஸ்டன் மறைந்தார். எழுதுகோல் வேறு கைக்குப் போயிற்று. அந்தப் புத்தகத்திலே அதுவரை, வரலாற்றிலே வாழ்ந்த வீரப் பெண்களின் வரலாறு பக்கம் பக்கமாக வந்துகொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு, ஊர் ஊருக்குத் திருமணச் சடங்கு எப்படி என்று விளக்கும் பக்கத்தைப் போட்டார்கள். பகைவரை எதிர்த்துப் பறந்தவள் பெருமூச்சு விடத் தொடங்கினாள். 1968-இல் அவளுடைய சக்தி முழுவதையும் பறித்துவிட்டு, துணிக்கடை ஒன்றிலே உட்காரவைத்தார்கள். துணிக்கடை நடத்துவது இழிவன்று. நம் சகோதரிகள் ஆயிரம் பேர் நடத்துகிறார்கள். ஆனால் வானத்திலே பறந்தவளை யார் கேட்டுத் தரையிறக்கினார்கள்? 1972-இல் குளோரியா ஸ்டைனம் முதலிய பெண்மணிகள் தங்கள் ஏட்டின் அட்டையிலே அந்தப் பழைய வீராங்கனையை அச்சிட்டு, எங்கே எங்கள் பெண் என்று கேட்ட பிறகுதான், 1973-இல் போன சக்தி திரும்பி வந்தது.

இதைத்தான் நாம் இரவல் என்கிறோம். சூப்பர்மேனும் சமயங்களில் சக்தி இழப்பான். ஆனால் அதற்கொரு பகைவன் வேண்டும், பச்சைக் கல் வேண்டும், அடுத்த இதழிலே மீட்சி வேண்டும். இவளிடமிருந்து வாளைப் பறிக்கப் பகைவன் தேவைப்படவில்லை. அலுவலகத்திலே ஆள் மாறினாலே போதுமாயிருந்தது.

இன்னொருத்தி, 1961-இல் வந்தவள். நால்வர் குழுவிலே ஒருத்தி. ஒருவன் நெருப்பாவான், ஒருவன் பாறையாவான், ஒருவன் நீள்வான். இவளுக்கு என்ன வல்லமை கொடுத்தார்கள்? கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோகும் வல்லமை! பெண் என்றால் இருக்கிற இடம் தெரியக்கூடாது என்று நம் பாட்டிமார் சொன்னதை, அமெரிக்காக்காரன் விஞ்ஞானமாக்கி விற்றான். மறையும் சிறுமி என்றே பெயர். திருமணமாகிப் பிள்ளை பெற்ற பின்னும் சிறுமிதான். அதை மாற்றி, மறையும் பெண் என்று சொல்ல 1985 வரவேண்டியிருந்தது.

இனி வருவது சிரிப்புக்கு இடமில்லாதது.

1994-இல் வந்த ஒரு கதை. பச்சை மோதிரம் அணிந்த வீரன் வீட்டுக்குத் திரும்புகிறான். அவன் காதலியைப் பகைவன் கொன்று, உடலைக் குளிர்பதனப் பெட்டிக்குள்ளே திணித்து வைத்திருக்கிறான். எதற்கு? வீரனுக்குக் கோபம் வரவேண்டும். கோபம் வந்தால் கதை ஓடவேண்டும். 1973-இல் சிலந்தி மனிதனின் காதலியைப் பாலத்திலிருந்து தள்ளிக் கொன்றது அதற்காகத்தான். 1988-இல், பேட்மேனுக்குத் தோழியாய், தானும் முகமூடி அணிந்து போராடிய பார்பரா என்ற பெண்ணைச் சுட்டு முடமாக்கியது, அவள் தந்தையைப் பித்துப் பிடிக்க வைப்பதற்காக! அடி விழுவது அவள் மேல். வலி மட்டும் ஆணுக்குச் சொந்தமாம்.

இதை முதலிலே பட்டியல் போட்டுக் கேட்டவர் பேராசிரியர் அல்லர். கெயில் சிமோன் என்னும் பெண்மணி; முடிதிருத்தும் தொழில் செய்துகொண்டிருந்தவர். 1999-இல், கொல்லப்பட்டும் சிதைக்கப்பட்டும் வல்லமை பறிக்கப்பட்டும் போன படக்கதைப் பெண்களின் பெயரையெல்லாம் வரிசையாக எழுதி, குளிர்பதனப் பெட்டியிலே பெண்கள் என்று தலைப்பிட்டார். முதலாளிகள் திகைத்தனர். பின்னர் அவரே எழுத்தாளராகி, வொண்டர் வுமன் கதையையும் எழுதினார். நம் ஏடுகள் ஊர் ஊராய்ப் படிக்கப்பட்டது முடிதிருத்தகங்களிலேதானே! அந்தத் தொழிலுக்கும் சிந்தனைக்கும் உள்ள உறவு கடல் தாண்டியும் இருக்கிறது போலும்.

"வெள்ளைக்காரன் புத்தி அப்படி" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமா? வள்ளியூரிலே நின்றுகொண்டு அதைச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

ஊரின் பெயரிலேயே வள்ளி இருக்கிறாள். குகைக் கோயிலும் தேரும் உண்டு. புராணிகர் சொல்லும் கதையைத்தான் பாருங்களேன். குறவர் குலப் பெண், தன்னந்தனியாகப் பரண் மீது நின்று, கவண் எறிந்து தினைப்புனம் காக்கிறாள். உழைப்பாளிப் பெண்! குறி தப்பாத கை! அவளை மணக்க விரும்பியவன் வேடனாய் வந்தான், வேங்கை மரமாய் நின்றான், கிழவனாய்ப் பல்லிளித்தான், ஒன்றும் பலிக்கவில்லை. பிறகு என்ன செய்தான்? தன் அண்ணனை யானையாக வரவழைத்தான். பெண் பயந்தாள், ஓடிவந்து கிழவனைக் கட்டிக்கொண்டாள், காப்பாற்றினால் மணக்கிறேன் என்றாள். ஆபத்தை ஏற்பாடு செய்தவனே ஆபத்துக்கு உதவுகிறான்! படக்கதை வீரர்கள் கண்டுபிடித்தது என்ன பெரிய புதுமை? அது இருக்கட்டும். காட்டிலே பிறந்து, காட்டிலே வளர்ந்து, அன்றாடம் விலங்குகளை விரட்டிய பெண் யானையைக் கண்டவுடன் கவணை மறந்தாளாம். அந்த ஒரு வரியை எழுதியபோதுதான் அவள் கையிலிருந்த ஆயுதம் பறிக்கப்பட்டது.

இந்த ஊருக்கே உரிய கதைப்பாடல் ஒன்றும் உண்டு. வள்ளியூரை ஆண்ட குலசேகரன் முதலான ஐவர் ராசாக்கள் கதை. வில்லுப்பாட்டாய் ஒலித்த அதனை 1974-இல் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்தார். நாங்குநேரி தந்த அறிஞர், பொதுவுடைமைக் கட்சிக்காரர். அவரோடு நமக்குக் கருத்து மாறுபாடு உண்டு. மக்கள் வாய்மொழியைக் காத்துத் தந்த அந்த உழைப்புக்கு மாறுபாடில்லாத வணக்கம். அந்தக் கதையிலே கன்னடியன் மகள், குலசேகரனின் உருவம் எழுதிய படத்தைக் கண்டு காதல் கொள்கிறாள். அவன் மணக்க மறுக்கிறான். அதனால் படையெடுப்பு, கோட்டை முற்றுகை, அழிவு. சிறைப்பட்ட குலசேகரன் பகைவன் கையிலே வாழ மறுத்து உயிர் விடுகிறான். அவள்? ஒருநாள்கூட உடன் வாழாதவனுக்காக உடன்கட்டை ஏறுகிறாள். படத்திலே பார்த்தாள், பிணமாகப் பார்த்தாள், எரிந்தாள். அவன் வீரனானான், அவள் விறகானாள். குளிர்பதனப் பெட்டிக்கும் அந்தச் சிதைக்கும் சூட்டிலேதான் வேறுபாடு.

வள்ளியூரிலிருந்து தெற்கே போனால் முப்பந்தல், அங்கே இசக்கியம்மன். நீலி கதை தென்பாண்டி நாட்டுக்கும் குமரி நாட்டுக்கும் தெரியும். நம்பிய காதலனின் மடியிலே தலைவைத்து உறங்கியவளை, நகைக்காகக் கல்லாலே நசுக்கிக் கொன்றான் ஒரு பாவி. அவள் மறுபிறவி எடுத்து வந்து, கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பிலே ஏந்தி, அவனைப் பழிவாங்குகிறாள். நியாயமான சினம்! ஊரே அஞ்சுகிறது, கும்பிடுகிறது. அந்தச் சிலைக்குமுன் கைகூப்பும் அன்பரை நாம் புண்படுத்த வரவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறோம். அவள் உயிரோடு இருந்தபோது அந்த வல்லமையிலே ஒரு குன்றிமணி அளவு ஏன் கிடைக்கவில்லை? செத்த பிறகு சக்தி, இருக்கிறவரை சங்கடம்! கொலையுண்டவளுக்குக் கோயில் கட்டும் ஊரிலே, அடிபட்டவள் காவல்நிலையம் போனால் குடும்ப மானம் போய்விடும் என்று தடுக்கிறார்களே!

சிவகாசியிலே 1984-இல் ஓர் அதிசயம் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் ஓரவஞ்சனையாகும். லயன் காமிக்ஸ் தொடங்கிற்று. புதிய ஏடு, முதல் இதழ். விற்கவேண்டுமே என்ற கவலை எந்த ஆசிரியருக்கும் இருக்கும். இரும்புக்கையும் முகமூடியும் இருக்க, அந்த முதல் இதழிலே வந்தவள் ஒரு பெண். கத்தி முனையில் மாடஸ்டி! அதே 1984-இல் ராணி காமிக்சும் தொடங்கிற்று. அதன் முதல் இதழ் ஜேம்ஸ் பாண்ட் கதை. தலைப்பு, அழகியைத் தேடி. ஒரே ஆண்டு, இரண்டு தொடக்கம்: ஒன்றிலே பெண் தேடப்படும் பொருள், இன்னொன்றிலே கத்திமுனையைச் சந்திக்கும் ஆள். நம் பிள்ளைகள் இரண்டையும் வாங்கினார்கள் என்பது வேறு விஷயம்.

மாடஸ்டியைப் படைத்தவர் பீட்டர் ஓ'டானல். 1942-இல், போர்க்காலத்திலே, பாரசீகத்தில் படைவீரராக இருந்தபோது, தன்னந்தனியாய் நடந்துவந்த ஓர் அகதிச் சிறுமியைக் கண்டார். அந்த நிமிர்ந்த நடை அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை. 1963-இல் இலண்டன் ஏட்டிலே அவள் கதாநாயகியானாள். மாடஸ்டிக்குத் தாய் தந்தை இல்லை, நாடு இல்லை. முகாமுக்கு முகாம் அலைந்து, தன்னைத் தானே காத்துக்கொள்ளக் கற்றவள். பக்கத்திலே வில்லி கார்வின் என்று ஒருவன், பலசாலி, அவளை இளவரசி என்று அழைப்பான், அவள் சொல்லைக் கேட்பான். காதலனும் இல்லை, எசமானனும் இல்லை, தோழன்! ஆணும் பெண்ணும் அப்படிப் பழக முடியும் என்பதைத் தமிழ்நாட்டுச் சிறுவனுக்கு, 1984-இலே, எத்தனை சினிமா காட்டியது? குறை இல்லாமல் இல்லை. சட்டையைக் கழற்றிப் பகைவனைத் திகைக்கவைக்கும் உபாயத்தையும் அவள் தலையிலே கட்டித்தான் வைத்திருந்தார்கள். வல்லமை எவ்வளவு கொடுத்தாலும் துணியை மட்டும் குறைத்துக் கொடுப்பது அந்தத் தொழிலின் சம்பிரதாயம் போலும். இருந்தும், காத்திருக்கும் வரிசையிலிருந்து அவள் விலகி நடந்தாள்.

உடையைப் பற்றி ஒரு கூத்து. 2016 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபை, பெண்கள் முன்னேற்றத்துக்குக் கௌரவத் தூதராக வொண்டர் வுமனை அறிவித்தது. ஆம், படக்கதைப் பெண்ணை! அதே ஆண்டு, அதே மாதம், சபையின் பொதுச்செயலாளர் பதவிக்குப் போட்டியிட்டவர்களிலே ஏழு பெண்கள் இருந்தும், தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஓர் ஆண். உயிருள்ள பெண்ணுக்கு நாற்காலி இல்லை. உயிரில்லாத பெண்ணுக்குப் பட்டம்! சபையின் ஊழியர்களே விழா நடக்கும்போது முதுகைக் காட்டி நின்றார்கள். நீச்சல் உடையிலே நிற்கும் சித்திரம் எங்களுக்குத் தூதரா என்று கையெழுத்து வாங்கினார்கள். டிசம்பரிலே பட்டம் முடிந்தது. இரவல் பட்டமல்லவா!

வரைந்த கைகளுக்கு வருவோம். வொண்டர் வுமன் பிறந்த அதே 1941-இல், அவளுக்குச் சில மாதம் முன்னதாகவே, மிஸ் ப்யூரி என்றொரு வீராங்கனை வந்தாள். எழுதி வரைந்தது ஒரு பெண். ஜூன் என்பது அவர் பெயர். அந்தப் பெயரைப் போட்டால் பெண் என்று தெரிந்துவிடும் என்பதற்காக, டார்ப்பே மில்ஸ் என்று கையெழுத்திட்டார். மார்ஸ்டன் நோயுற்றபோது வொண்டர் வுமன் கதைகள் பலவற்றை எழுதியவர் ஜாய் ஹம்மல் என்னும் இளம்பெண். வேலைக்கு வந்தபோது வயது 19. அச்சிலே வந்ததோ ஆசிரியரின் புனைபெயர்தான். அந்த வீராங்கனையின் கதைத் தொடரைப் பெண் ஒருவர் வரைந்தது எப்போது? 1986-இல், ட்ரினா ராபின்ஸ். 45 ஆண்டுகள்! நர்தா திருமணத்துக்குக் காத்திருந்தது கற்பனை, இது கணக்கு.

கை மாறினால் என்ன நேரும் என்பதற்கு ஒரு சான்று. 2014-இல் கமலா கான் வந்தாள். பாகிஸ்தானிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பெண், பதினாறு வயது, முஸ்லிம். ஆசிரியப் பொறுப்பிலே சனா அமானத், எழுத்திலே வில்லோ வில்சன், இருவரும் பெண்கள். சக்தி கிடைத்தவுடன் கமலா என்ன ஆகிறாள்? தான் வியந்த வெள்ளைக்கார வீராங்கனையாகவே, பொன்மயிரும் குட்டை உடையுமாக மாறிவிடுகிறாள். மாறிய பிறகுதான் தெரிகிறது: முடி வாயிலே விழுகிறது, காலணி கடிக்கிறது, உடை உறுத்துகிறது. தன் நிறத்தோடும், தன் முகத்தோடும், உடலை மூடிய தன் உடுப்போடும் போராடப் புறப்படுகிறாள். சிவப்பழகுக் களிம்பு விற்கும் நம் கடைத்தெருவிலே அந்த நாலு பக்கத்தை ஒட்டிவைக்கலாம்! அந்த உடை உறுத்தும் என்பது, அதை ஆண்டுக்கணக்கில் வரைந்த ஆண்களுக்குத் தெரியவே இல்லை, பாருங்கள்.

இரவலுக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாடு நம் இயக்கத்துக்குப் புதிதன்று. 1929-இல் செங்கற்பட்டு மாநாட்டிலே பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டபோது, "அவள் உடுத்த நகை இல்லையா, போட்ட சீர் இல்லையா" என்றார்கள். கொடுத்தவன் கேட்டால் திரும்பப் போகும் பொருள் அது. 1989-இல் கலைஞர் ஆட்சியிலே மகனுக்குச் சமமாக மகளுக்கும் பங்கு என்று சட்டம் வந்தது. தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே 60 ஆண்டு. அந்தப் பங்கைக் கேட்டு வாங்கிய தங்கைமார் எத்தனை பேர், விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று கையெழுத்துப் போட வைக்கப்பட்டவர் எத்தனை பேர் என்று தோழர்கள் தம் வீட்டளவிலே எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும். அதற்கு இந்த ஏட்டிலே பதில் எழுதவேண்டாம்.

படக்கதை கூடாது, பிள்ளையின் கையிலிருந்து பிடுங்குங்கள் என்று நாம் சொல்லவில்லை. பீடி சுற்றும் தாயின் மகள், காற்றாலைக்குக் காவல் நிற்பவனின் மகள், இருவரும் படிக்கட்டும். மாடஸ்டி கிடைத்தால் மாடஸ்டி, கமலா கிடைத்தால் கமலா. மகனுக்கும் அதையே கொடுங்கள், அவனுக்குத்தான் அவசரம். நம் படிப்பகங்களிலே நாளேடுகளுக்குப் பக்கத்திலே ஒரு கட்டு வெள்ளைத்தாளும் நாலு பெட்டி வண்ணக்குச்சியும் வைக்க என்ன செலவாகிவிடும்? விடுமுறை நாளிலே பெண்பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, வள்ளி கதையைப் படக்கதையாய் வரையச் சொல்லுங்கள். யானை வருகிற கட்டத்திலிருந்து தொடங்கட்டும். பரணிலே கவண் இருக்கிறது, கல்லும் இருக்கிறது.